அடுப்போரத்து முள்

வடக்கே குளிர்தேசத்துத் தீவு ஒன்றில் இருக்கும் ஸோண்டர்பு ஊரில் மீன் பிடிப்பவர்கள் ஆண்கள் என்றுதான் பேச்சு. மீனுக்கு முன்னால் புழு, புழுவுக்கு முன்னால் பெண்பிள்ளை என்பதை ஒருத்தரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கடல் வற்றுகிற நேரம் பார்த்துப் பாவாடையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, தீவுக்குக் கிழக்கே கிடக்கும் சேற்றில் இறங்கி, மூன்று பல் கொத்தால் புரட்டிப் புழு எடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்து, விறைத்த விரலை வாயில் வைத்து ஊதிக்கொண்டே தூண்டில் தூண்டிலாகக் கோத்து, கயிறு சிக்கல் விழாமல் கூடையில் வளைத்து அடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மறுநாள் மேற்குக் கடலில் படகு இறங்கும். இவ்வளவும் செய்த பெண்களிடம் படகு இறங்கலாமா என்று யாரும் கேட்பதில்லை. அதைப் படகுத் தலைவன் லௌஸ்ட் வீட்டு நடையில் தொங்கிய முள்ளிடம் கேட்பார்கள்.

அதன் படித்த பெயர் காற்றழுத்தமானி. ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் பாதிரியார்கூடச் சிரிப்பார். முள் என்றால் முள்தான். ஓக் பலகையில் பதித்த பித்தளை வட்டம். உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு அடைத்த மெல்லிய தகர டப்பா ஒன்று. வெளிக்காற்று கனத்தால் டப்பா அமுங்கும். காற்று இளைத்தால் ஒரு வில் அதைத் தூக்கிவிடும். மயிரிழை அளவுள்ள அந்த அசைவைச் சின்னச் சின்ன நெம்புகோல்கள் பெரிதாக்கிக் கறுப்பு முள்ளைத் திருப்பும். கறுப்பு முள்ளுக்கு மேலே பித்தளை முள் ஒன்று உண்டு. அது தானாக நகராது. இரவு படுக்கப் போகும்முன் குமிழைத் திருகி அதைக் கறுப்பு முள்ளின் மேலேயே நிறுத்திவைக்க வேண்டும். விடிந்து பார்க்கும்போது கறுப்பு முள் பித்தளையை விட்டுக் கீழே இறங்கியிருந்தால் காற்று இளைத்துவிட்டது, புயல் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். அன்று படகு மணலிலேயே கிடக்கும்.

பலகையின் அடியில் கடிகார மூடி அளவில் இன்னொரு வட்டமும் இருந்தது. பித்தளையையும் இரும்பையும் முதுகோடு முதுகு ஒட்டிச் சுருட்டிய தகடு அதற்குள்ளே. சூடு பட்டால் பித்தளை அதிகமாக நீளும், இரும்பு குறைவாக நீளும், சுருள் வளைந்து கொடுக்க, முள் சூட்டைக் காட்டும். அதை ஏறிட்டுப் பார்ப்பவர் கிடையாது. "குளிருதான்னு பாக்க ஒரு முள்ளா? கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்குப்பா?" என்பான் படகில் துடுப்புப் போடும் கிராவர்ஸ். அவன் பக்கத்து வீட்டுக்காரன், வாய்த் துடுக்கு.

லௌஸ்ட் அதை அக்கரைப் பட்டணத்தில் வாங்கி மடியில் வைத்துத் தோணியில் கொண்டுவந்தான். அவன் நடைச் சுவரில் ஆணி அடிக்கும்போது பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவன் மனைவி மெட்டே. "வெயிலும் படக்கூடாது, நெருப்பும் அண்டக்கூடாதாம். சூடு பட்டா உள்ள இருக்கற வில்லு தொய்ஞ்சு போகும், முள்ளு இல்லாத ஏத்தத்தக் காட்டும்னு கடைக்காரன் படிச்சுப் படிச்சுச் சொன்னான்" என்றான். அவளுக்குக் கை வலித்தது. ஆணியைச் சீக்கிரம் அடியுங்கள் என்றாள். அது நடந்து வருஷங்கள் ஆகியிருந்தன.

இந்த மாசியில் படகைத் தள்ளும்போது லௌஸ்ட் இடுப்பளவு நீரில் விழுந்து, நனைந்த துணியோடே கடலுக்குப் போய்வந்தான். நெஞ்சுச் சளி கட்டிக் காய்ச்சலில் படுத்துவிட்டான். சுவருக்குள் அடைத்த கட்டிலில் மூன்று கம்பளிக்குள் கிடந்தும் பல் கிட்டியது. மெட்டே எல்டர் மரத்துப் பூவில் கஷாயம் வைத்துக் கொடுத்தாள், முதுகில் சூடான தவிட்டு மூட்டை வைத்தாள். எல்லாம் கொஞ்சம் கேட்டது. ஆனால் அந்த மனிதன் காலையும் மாலையும் எழுந்து, வெறுங்காலோடு செங்கல் தரையில் நடந்து, கதவிடுக்கில் காற்று சீறுகிற நடையில் போய் நின்றுவிடுவான்.

"இங்கேருங்க! மறுபடியும் எந்திரிச்சாச்சா? செத்தே தீரணும்னு நேர்ச்சை எதுவும் வச்சிருக்கீங்களா?" என்று மெட்டே கையில் புழுவோடு ஓடிவந்தாள்.

"கத்தாத. முள்ளப் பாத்துட்டுப் படுத்துக்கறேன்."

"விஸ்தி பாக்க மாட்டானா? பெத்த பிள்ளைக்குக் கண்ணு இல்லையா?"

"கண்ணு எல்லாருக்கும்தான் இருக்கு. தட்டத் தெரியணும்ல."

தட்டுவதுதான் அந்த வீட்டின் சடங்கு. உள்ளே நெம்புகோல் சற்றுச் சிக்கி நிற்குமாம், விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினால் முள் துள்ளும், அது துள்ளுகிற பக்கம்தான் காற்று போகிற பக்கம். படகுத் தலைவனைத் தவிர வேறு யாரும் அந்தக் கண்ணாடியில் கை வைத்ததில்லை. அன்று மாலையும் லௌஸ்ட் தட்டினான், பித்தளை முள்ளைக் கறுப்பின் மேல் கொண்டுவந்து வைத்தான், திரும்பும்போது முழங்கால் மடங்கிச் சுவரோடு சரிந்தான். மெட்டேயும் மகன் விஸ்தியும் ஆளுக்கொரு தோளில் தாங்கிக் கொண்டுபோய்க் கட்டிலில் போட்டார்கள். இருமல் நிற்கவேயில்லை. துணியில் துப்பியதைப் பார்த்த மெட்டே அதைச் சுருட்டி அடுப்பில் போட்டாள்.

"இனி ஒரு தடவ அந்த நடைக்குப் போனாருன்னா, திரும்பி வரமாட்டாரு" என்றாள் மகனிடம்.

"நடுக்கடல் வெளித்திட்டுல காட் மீன் வந்துருக்காம்மா. பெரிய கூட்டம்ங்கறாங்க. இந்தக் குளிர்காலம் பூரா நாக்குமீனுக் கருவாட்டயே நக்கிக்கிட்டுக் கெடக்கோம். அப்பா சொல்லாம நான் அவ்வளவு தூரம் படகக் கொண்டுபோக மாட்டேன். அவரு பாத்துத்தான் ஆகணும்."

"அவரு முள்ளுகிட்டப் போகாட்டி என்ன, முள்ளு அவருகிட்ட வரட்டும்" என்றாள் மெட்டே.

அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவே, மெட்டேயின் தகப்பன் படம் தொங்கிய ஆணி இருந்தது. படத்தைக் கழற்றிவிட்டு அதில் முள்ளைத் தூக்கி மாட்டினாள். கட்டிலில் படுத்தபடியே கை நீட்டித் தட்டலாம், அவ்வளவு பக்கம். லௌஸ்ட் காய்ச்சல் கண்ணைத் திறந்து பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு சொல்லவில்லை. "நல்லதாப் போச்சு" என்று முனகிக் கம்பளியை இழுத்துக்கொண்டான். மெட்டேக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. சதுப்பில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டிகளை அன்று கணக்குப் பார்க்காமல் அடுப்பில் அடுக்கினாள். புருஷன் வேர்க்க வேண்டும், வேர்த்தால் காய்ச்சல் இறங்கும். அவள் நினைப்பெல்லாம் அதில்தான் இருந்தது.

மறுநாள் விடிகிற நேரம் படகுக்காரர்கள் வந்தார்கள். கிராவர்ஸ், போடில் கிழவியின் மகன்கள் இரண்டு பேர், விஸ்தி. நடையில் முள்ளைக் காணாமல் திகைத்துப் போய், தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

"என்ன மதினி, முள்ளுக்கும் காய்ச்சலா? அதையும் அடுப்போரம் படுக்க வச்சுட்டீங்க" என்றான் கிராவர்ஸ்.

"உங்க அண்ணன் ஓடி ஓடிச் சாகறத விட இது தேவலன்னு வச்சேன். பேசாம காப்பியக் குடி."

லௌஸ்ட் கை நீட்டித் தட்டினான். கறுப்பு முள் துள்ளி, பித்தளை முள்ளைத் தாண்டி ஒரு இழை மேலே போய் நின்றது.

"ஏறுமுகம்" என்றான். குரலில் பல நாளைக்குப் பிறகு தெம்பு வந்திருந்தது. "வெளித்திட்டுக்கே போங்க. பொழுது சாயறதுக்குள்ள வந்துரலாம்."

"காத்து கொஞ்சம் தெக்கால வாங்குதே அண்ணே? கடல்ல நீள நீளமா ஒரு அலை வருது. மத்த ரெண்டு படகுக்காரங்களும் கிட்டத்துலயே தூண்டில் போடப் போறாங்களாம்" என்றான் போடிலின் மூத்த மகன்.

"அவங்க வீட்ல முள்ளு இல்ல. நம்ம வீட்ல இருக்கு."

அவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தார்கள். கறுப்பு ரொட்டியையும் கருவாட்டையும் துணியில் முடிந்து மெட்டே மகனிடம் கொடுத்தாள். விஸ்தி வாசலுக்குப் போனவன் திரும்பி வந்து, முள்ளின் அடி வட்டத்தைக் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அம்மா, இந்தக் குட்டி முள்ளப் பாரேன். நம்ம வீட்ல மட்டும் ஆடி மாசம் வந்துருச்சு."

"போடா, போய்ப் பொழப்பப் பாரு" என்று அவளும் சிரித்தாள். புருஷன் தெம்பாகப் பேசிவிட்டான், மீன் வரப்போகிறது, சிரிப்பதற்கு என்ன குறை.

அவள் சேற்றுக்குப் போய்ப் புழு எடுத்துக்கொண்டு திரும்பியபோது உச்சிப்பொழுது ஆகியிருந்தது. அடுப்பு தணிந்து சாம்பல் பூத்துக் கிடந்தது. வீடு சில்லிட்டிருந்தது. லௌஸ்ட் தூங்கினான், நெற்றி நனைந்திருந்தது. தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் விட்டிருந்தது. கர்த்தரே என்று கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தவள் கண்ணில் முள் பட்டது.

அடியில் இருந்த குட்டி முள் ஆடியிலிருந்து இறங்கி மாசிக்கு வந்துகொண்டிருந்தது. மேலே கறுப்பு முள், பித்தளையை விட்டு வெகு தூரம் இடது பக்கம், இறக்கத்துப் பக்கம் போயிருந்தது. குட்டி முள்ளும் கறுப்பு முள்ளும் ஒன்றாகக் கீழே இறங்கியிருந்தன.

மெட்டே படித்தவள் இல்லை. ஆனால் ஆணி அடித்த அன்று கேட்ட பேச்சு ஒரு சொல் பிசகாமல் காதில் விழுந்தது. சூடு பட்டா வில்லு தொய்ஞ்சு போகும், இல்லாத ஏத்தத்தக் காட்டும். முள்ளைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடைக்கு ஓடினாள். பழைய ஆணியில் மாட்டினாள். இதுவரை ஒருநாளும் தொடாத கண்ணாடியைத் தட்டினாள். முள் துள்ளியது. நின்று பார்த்தாள். மறுபடி தட்டினாள். அது இறங்கிக்கொண்டே போயிற்று. காலையிலேயே முள் இறங்கியிருக்க வேண்டியது, அடுப்பு அதைப் பிடித்து மேலே தூக்கி வைத்திருந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கதவைத் திறந்தபோது, அதற்குள் பெருத்துவிட்ட காற்று அவள் கையிலிருந்து கதவைப் பிடுங்கிச் சுவரில் அறைந்தது.

மேற்குக் கரையில் ஊரே நின்றது. கிட்டத்தில் போட்டிருந்த இரண்டு படகும் தூண்டிலை அறுத்து விட்டுவிட்டு வந்து சேர்ந்திருந்தன. ஆண்கள் நுரைக்குள் கயிற்றோடு நின்றார்கள். கிராவர்ஸின் மனைவி சிஸெல் கைக்குழந்தையைச் சால்வைக்குள் கட்டிக்கொண்டு மணல்மேட்டில் நின்றவள், மெட்டேயைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"முள்ளு நல்லா இருந்துச்சுல்ல மதினி? நல்லா இருந்ததாலதான போனாங்க? அப்படின்னா இது சும்மா அடிச்சுட்டு ஓய்ஞ்சுரும், என்ன?"

மெட்டே முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள். "ஓய்ஞ்சுரும்" என்றாள்.

ஓயவில்லை. மணலும் நுரையும் ஒன்றாகப் பறந்து முகத்தில் குத்தின, கடல் எது வானம் எது என்று தெரியாமல் போயிற்று. இருட்டியதும் பெண்களைப் பிடித்து இழுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

காற்று அடங்கிய பிறகு வடக்கு முனை மணலில் படகு உடைந்து குப்புறக் கிடைத்தது. ஆட்கள் கிடைக்கவில்லை. நாலு பேரின் பெயரையும் ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் பிரசங்க மேடையிலிருந்து வாசித்தார். உடல் இல்லாத சாவுக்கு அந்த ஊரில் அவ்வளவுதான் அடக்கம். லௌஸ்டின் காய்ச்சல் திரும்ப வரவில்லை. நாளுக்கு நாள் பசித்தது. பார்லிக் கஞ்சியை மெட்டே அவன் கிண்ணம் வழிய ஊற்றினாள். பிழைத்துவிட்டான் என்று சந்தோஷப்படவும் அவளால் முடியவில்லை, ஏன் பிழைத்தான் என்று நினைக்கவும் முடியவில்லை. இரண்டுக்கும் நடுவே கிடந்து வெந்தாள். முள் நடைக்குத் திரும்பிவிட்டதை அவன் பார்த்தான். தகப்பன் படம் பழைய இடத்துக்கு வந்துவிட்டதையும் பார்த்தான். முள் அடுப்போரத்தில் தொங்கியதைப் பார்த்த மற்ற நாலு பேரும் படகில் போய்விட்டார்கள்.

சிஸெலும் போடில் கிழவியும் ஒருநாள் வந்தார்கள். கறுப்பு முக்காட்டை எடுக்கவில்லை, காப்பி வேண்டாம் என்றார்கள். லௌஸ்ட் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்ணே" என்றாள் சிஸெல். "கேட்டுட்டுப் போயிடறேன். அன்னைக்குக் காலம்பற முள்ளு என்ன சொல்லுச்சு?"

மெட்டே பாத்திரம் கழுவிய கையோடு நின்றாள். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

"இறங்கித்தான் இருந்துச்சு" என்றான் லௌஸ்ட்.

"என்னது?"

"முள்ளு இறங்கித்தான் இருந்துச்சு. சின்ன இறக்கம்தான்னு நான் மதிக்கல. மீன் ஆசை. பசங்களுக்கு நான் ஏறுமுகம்னு சொல்லிட்டேன். என் பேச்ச நம்பித்தான் போனாங்க."

போடில் கிழவி எழுந்தாள். இரண்டு மகன்களையும் வளர்த்த அந்தக் கையை ஓங்கினாள், அடிக்கவில்லை, அவன் காலுக்கு எதிரே தரையில் காறித் துப்பினாள். "உனக்கு நல்ல சாவு வராதுலே" என்றாள். சிஸெல் அழுதுகொண்டே அவள் பின்னால் போனாள்.

கதவு சாத்தியதும் மெட்டே அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "எதுக்குப் பொய் சொன்னீங்க? யாரு கேட்டா உங்கள?"

"மெதுவாப் பேசு."

"அத அடுப்போரம் மாட்டுனது நானு. நான்தான் நம்ம பிள்ளயக் கொன்னேன்."

"உனக்கு முன்னாலயே எனக்குத் தெரியும்" என்றான் லௌஸ்ட். "நீ மாட்டும்போதே ஞாபகம் வந்துச்சு, நெருப்போரம் ஆகாதுன்னு. சொல்ல வாயெடுத்தேன். ஆனா அத்தன நாளைக்கப்புறம் அன்னைக்குத்தான் கால் சூடா இருந்துச்சு மெட்டே. சொன்னா நீ திரும்பக் கொண்டுபோய் நடையில மாட்டிருவ, நான் மறுபடி அந்தச் செங்கல்லுல நடக்கணும். ஒரு நாள்தானன்னு வாய மூடிக்கிட்டேன். காலம்பற காய்ச்சல் வேகத்துல அதுவும் மறந்துபோச்சு."

அவள் சட்டையை விட்டாள்.

"படகுத் தலைவன வெறுத்தா ஊருக்கு ஒண்ணும் ஆகாது. வேற தலைவன் வருவான்" என்றான் அவன். "நீ நாளைக்கும் அவங்களோட சேத்துல நிக்கணும். தண்ணி ஏறும்போது ஒருத்தி கைய ஒருத்தி பிடிச்சுத்தான் வர்றீங்க. அவங்க கைய விட்டுட்டா நீ என்ன பண்ணுவ?"

மெட்டே தரையில் கிடந்த எச்சிலைத் துடைத்தாள்.

சொந்தப் படகு இல்லாவிட்டாலும் மற்ற படகுகளுக்குப் புழு வேண்டும், வயிறு காத்திருக்காது. அடுத்த வற்றத்துக்கு மெட்டே கொத்தையும் வாளியையும் எடுத்துக்கொண்டு சேற்றுக்குப் போனாள். தள்ளி நின்று கொத்தப் போனவளைச் சிஸெல் கூப்பிட்டுப் பக்கத்தில் இடம் விட்டாள். புழு நிறையக் கிடைக்கிற வாய்க்கால் ஓரம் அது. யாரும் எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

எல்லாரும் குனிந்து கொத்தினார்கள். பிறகு போடில் கிழவி நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பாவம்டி நீ. பெத்ததையும் கடலுக்குக் குடுத்துட்டு, குடுக்க வச்சவனுக்குக் கஞ்சியும் காய்ச்சி ஊத்தணும். எப்படித்தான் அந்த மூஞ்சியில முழிக்கிறியோ."

மெட்டே கொத்தை நட்டுவிட்டு நின்றாள்.

"அவரு பொய் சொல்றாரு போடிலக்கா. அன்னைக்கு முள்ளு ஏறித்தான் காட்டுச்சு. அவரு குளிர்ல எந்திரிச்சு நடக்கக் கூடாதுன்னு அத நான்தான் கழட்டி அடுப்போரம் மாட்டுனேன். சூட்டுல அது தப்பாக் காட்டிருச்சு. அவங்க போனதுக்குக் காரணம் நானு. அவரு இல்ல."

எல்லாப் பெண்களும் கொத்துவதை நிறுத்தினார்கள். சிஸெல் அவளையே பார்த்தாள். காறித் துப்பட்டும், கொத்தால் அடிக்கட்டும் என்று மெட்டே கண்ணை மூடிக்கொண்டாள்.

"முள்ளு நடையிலதான தொங்குது?" என்றாள் போடில். "அன்னைக்குக் கேக்க வந்தப்ப நான் பாத்தேனே."

"திரும்ப மாட்டுனேன். அன்னைக்கு மத்தியானமே மாட்டிட்டேன்."

"சரி, சரி."

"சத்தியமாச் சொல்றேன்க்கா. விஸ்தி மேல சத்தியம்."

"செத்த பிள்ள மேல சத்தியம் பண்ணாத" என்று கிழவி அதட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தி மற்றவர்களிடம் சொன்னாள்: "பாத்தீங்களா. இப்படிப்பட்டவ வந்து அவனுக்கு வாய்ச்சிருக்கா. புருஷன் பழியத் தூக்கித் தன் தலையில வச்சுக்கறா."

சிஸெல் சேற்றுக் கையாலேயே மெட்டேயின் தோளை அணைத்துக்கொண்டாள். "வேண்டாம் மதினி. அவருக்காக நீ இவ்வளவு கீழ இறங்காத. அவரே அவரு வாயால ஒத்துக்கிட்டாரு. உன் மேல எங்களுக்கு ஒண்ணுமில்ல."

"நம்புங்கடி" என்றாள் மெட்டே. "நான்தான்டி."

யாரும் நம்பவில்லை. தண்ணீர் ஏறத் தொடங்கியது. கரைக்குத் திரும்பும்போது ஆளுக்கு ஒரு பிடி புழுவை அவள் வாளியில் போட்டார்கள், வாய்க்காலைத் தாண்டும்போது சிஸெல் ஒரு கையையும் போடில் மறு கையையும் பிடித்துக்கொண்டார்கள். அவள் வாளி என்றைக்கும் இல்லாத கனம் கனத்தது.

வீட்டுக்கு வந்தபோது லௌஸ்ட் நடையில், கனத்த கம்பளிக் காலுறையோடு, முள்ளின் எதிரே நின்றிருந்தான்.

"சொல்லிட்டியா?" என்றான்.

"சொன்னேன்."

"நம்பினாங்களா?"

மெட்டே வாளியைக் கீழே வைத்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினாள்.

அவன் கண்ணாடியைத் தட்டினான். பித்தளை முள்ளைத் திருகிக் கறுப்பு முள்ளின் மேல் கொண்டுவந்து நிறுத்தினான். காலையில் அதைப் பார்த்துவிட்டுக் கடலுக்குப் போக அந்த வீட்டில் படகும் இல்லை, மகனும் இல்லை.